டர்பன்ல நல்ல டர்னர் ஏன் கிடைக்க மாட்டேங்கறாங்க?

தென்னாப்பிரிக்காவோட டர்பன் நகரத்துல, தெற்குப் பக்கம் ஜேக்கப்ஸ், மோபேனி ஏரியால இருக்கற எந்த இன்ஜினியரிங் பட்டறைல போய்க் கேட்டாலும் ஒரே புலம்பல்தான், நல்ல டர்னர் (லேத்துல கடைசல் வேலை பாக்கறவர்) கிடைக்கல, 20 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வேலையை நம்பிக் குடுக்கற மாதிரி ஆள் இல்ல. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல சாட்ஸ்வொர்த், இன்னொரு பக்கம் ஃபீனிக்ஸ், அங்க டெக்னிக்கல் காலேஜ்ல என்-4, என்-6ங்கற படிப்பு முடிச்ச பசங்க சர்டிஃபிகேட்டை வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க. தென்னாப்பிரிக்கால வேலைக்குத் தயாரா இருக்கறவங்கள்ல 100க்கு 30 பேருக்கு மேல வேலை இல்ல, 34 வயசு வரைக்கும் உள்ளவங்களை மட்டும் எடுத்தா கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இல்ல. 2030க்குள்ள வருஷத்துக்கு 30,000 ஆர்ட்டிசன் (டிரேட் டெஸ்ட்னு சொல்ற தொழில் தேர்வு பாஸ் பண்ணின தொழிலாளி) உருவாக்கணும்னு நேஷனல் டெவலப்மென்ட் பிளான்ல எழுதியே வச்சிருக்காங்க.

ஆள் வேணும்னு ஒரு பக்கம், வேலை வேணும்னு ஒரு பக்கம், ஒரே ஊர், இது எப்படின்னு கோயம்புத்தூர், ஓசூர் பக்கத்துல இருந்து இங்க வந்து மெஷின் ஓட்டற நம்ம பசங்க அடிக்கடி கேக்கறாங்க. பசங்களுக்கு உழைக்க மனசில்லன்னு ஒத்த வரில சில பேர் முடிச்சிடறாங்க. எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல. இந்தத் தொழிலை எப்படிக் கத்துக்கறாங்க, அதை யாருக்கெல்லாம் கத்துக்க விட்டாங்க, யாருக்கு விடல, இந்த ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் விஷயம் புரியும்.

முதல்ல வேலை. பம்போட பேரிங் ஹவுசிங் (பேரிங் உக்கார்ற கூடு) ஒண்ணு வருதுன்னு வைங்க, டிராயிங்ல 50 எம்எம் போர் (உள் ஓட்டை), டாலரன்ஸ், அதாவது அளவுல அனுமதிக்கற வித்தியாசம், எச் 7. அப்படின்னா அந்த ஓட்டை 50.000க்குக் கீழ போகக்கூடாது, 50.025க்கு மேலயும் போகக்கூடாது. 25 மைக்ரான் இடம் இருக்கு, தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமாரா 70 மைக்ரான், அதுல மூணுல ஒரு பங்கு. சின்னதாப் போனா பேரிங் ஏறாது, ஏத்தினாலும் உள்ள இறுகி சூடாகி சீக்கிரம் போயிடும். பெருசாப் போனா பேரிங்கோட வெளி வளையம் ஹவுசிங்குக்குள்ள சுத்த ஆரம்பிச்சிடும், அப்புறம் ஹவுசிங்கே காலி. இதுல டர்னரோட எதிரிகள்ல பெரியது சூடு. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் 23 மைக்ரான், அதாவது டபுள். டிராயிங்ல போட்டிருக்கற அளவு எல்லாம் 20 டிகிரில இருக்கற அளவு, 1931ல இருந்து உலகம் பூரா அதுதான் கணக்கு. இப்ப டர்பன்ல ஜனவரி மாசம், கடல் காத்து, வெளியவே 30 டிகிரி, வெட்டி முடிச்ச உடனே ஜாப் (வெட்டின பீஸ்) 45 டிகிரில இருக்கு. இரும்பு ஹவுசிங்கா இருந்தா 25 டிகிரி வித்தியாசத்துக்கு அந்த 50 எம்எம் போர் 14 மைக்ரான் பெருசாக் காட்டும். மைக்ரோமீட்டர்ல 50.010 வருது, சரியா இருக்குன்னு கழட்டி வச்சா, ஆறின பிறகு 49.996, ரிஜெக்ட். அதே ஹவுசிங் அலுமினியமா இருந்தா 28 மைக்ரானுக்கு மேல, மொத்த டாலரன்ஸையும் சூடு ஒண்ணே முழுங்கிடும்.

எங்க பட்டறைல ஒரு அண்ணன் இருந்தாரு, சாட்ஸ்வொர்த்காரர், இங்க வந்து குடியேறின இந்தியர்கள்ல நாலாவது தலைமுறை, வீட்ல தாத்தா பாட்டி பேசினதுல ஒட்டிக்கிட்ட தமிழ்தான், அதுலயும் பாதி இங்கிலீஷ் கலந்து வரும். யாராவது சின்னப் பையன் வெட்டி முடிச்ச உடனே போர் கேஜை எடுத்தா, "தம்பி, ஃபர்ஸ்ட் கை வச்சுப் பாரு, சூடு இருக்கு, இப்ப அளக்காத"ன்னு சொல்லுவாரு. ஜாப்பையும், அளக்கற கருவியையும், செட்டிங் ரிங்கையும் (கருவியைச் சரிபார்க்கற, அளவு தெரிஞ்ச வளையம்) ஒரே டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லுவாரு, மூணும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அளவு. மூணும் இரும்பா இருந்தா ரூம் 27 டிகிரியா இருந்தாலும் பரவால்ல, மூணும் ஒரே மாதிரி நீளும். அலுமினிய ஜாப்புன்னா அந்தக் கணக்கு செல்லாது, அப்ப வித்தியாசத்தைக் கழிச்சே ஆகணும், அதை அவர் மனசுலயே போட்டுடுவாரு.

அவர்கிட்ட பார்த்த இன்னொரு விஷயம் சக்குல, அதாவது லேத்துல ஜாப்பைக் கவ்வற பாகத்துல, பிடிக்கற விதம். மெல்லிசான வளையத்தை மூணு ஜா (தாடை) உள்ள சக்குல இறுக்கினா மூணு இடத்துல அழுத்தம், வளையம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கும். நசுங்கின நிலைல உள்ள வெட்டினா போர் ரவுண்டா வரும், ஆனா ஜாவைத் தளத்தின உடனே வளையம் பழைய நிலைக்குத் திரும்பும், போர் மூணு முனை வச்ச மாதிரி கோணிக்கும். இதுல கொடுமை என்னன்னா வெர்னியராலயோ ரெண்டு பாயின்ட் மைக்ரோமீட்டராலயோ அளந்தா எந்தத் திசைல வச்சாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும், ஏன்னா மூணு முனை வடிவத்துக்கு ஒரு முனைக்கு எதிர்ல ஒரு பள்ளம் வருது, கூட்டிக் கழிச்சா விட்டம் மாறாத மாதிரியே காட்டும். பேப்பர்ல எல்லாம் ஓகே, கஸ்டமர் பேரிங் ஏத்தினா சத்தம். மூணு பாயின்ட் போர் மைக்ரோமீட்டர் வச்சாத்தான் இந்தக் கோணல் தெரியும். அதனால அவரு கடைசி கட்டுக்கு (கடைசியா ஒரு தடவை வெட்டறது) முன்னாடி சக்கை ஒரு தடவை தளத்தி, லேசா மட்டும் திரும்ப இறுக்கி, டயல் வச்சு ரன்-அவுட் (சுத்தறப்ப ஆட்டம் இருக்கா) பார்த்துட்டுத்தான் ஃபினிஷ் எடுப்பாரு, நிறைய பீஸ் வந்தா ஜாப்போட அளவுக்கே கடைஞ்ச சாஃப்ட் ஜா போட்டுப் பிடிப்பாரு.

கடைசி கட்டு பத்தியும் சொல்லணும், ஏன்னா புதுப் பசங்க அதிகமா தடுமாறறது இங்கதான். அளவு தாண்டிடும்னு பயந்து கடைசிக்கு 0.02, 0.03 எம்எம்னு துளியூண்டு விட்டுட்டு மெல்ல எடுக்கலாம்னு பாப்பாங்க. கார்பைட் இன்செர்ட்டோட (டூல்ல மாட்டற வெட்டுத் துண்டு) முனை பிளேடு மாதிரி இல்ல, அதுக்குன்னு ஒரு சின்ன வளைவு இருக்கு, வெட்டற ஆழம் அதை விடக் குறைஞ்சா டூல் வெட்டாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு, 316 ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா மேல்தோல் இறுகிக் கல்லு மாதிரி ஆயிடும், அடுத்த கட்டு அதுல ஏறவே ஏறாது. போரிங் பாரும் (ஓட்டைக்குள்ள வெட்டற டூலைத் தாங்கற கம்பி) வளையும், வெளிய நீட்டற நீளம் டபுள் ஆனா வளைவு எட்டு மடங்கு ஆகும். தொழில் தெரிஞ்சவங்க செமி ஃபினிஷுக்கும் ஃபினிஷுக்கும் ஒரே ஆழம், ஒரே ஃபீட், ஒரே ஸ்பீட் வச்சிடுவாங்க, ரெண்டு தடவையும் பார் ஒரே அளவு வளையும், முதல் தடவை எவ்வளவு தப்புதோ அதை ஆஃப்செட்ல (டூலோட அளவுத் திருத்தம்) குடுத்துட்டா ரெண்டாவது தடவை அளவு கரெக்டா விழும்.

இதெல்லாம் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்) வந்த பிறகும் அப்படியேதான் இருக்கு. மெஷின் சொன்ன இடத்துக்குப் போகும், சந்தேகமே இல்ல, ஆனா எந்த இடத்துக்குப் போகச் சொல்லணும்னு அதுக்குத் தெரியாது. காலைல ஆன் பண்ணின உடனே ஸ்பிண்டில் (மெஷினோட சுத்தற தண்டு) குளிர்ந்து இருக்கும், ஓட ஓட சூடாகி கொஞ்சம் கொஞ்சமா நீளும், அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும் ஒரு நிலைக்கு வர, அதுக்குள்ள எடுக்கற முதல் சில பீஸ் ஒவ்வொண்ணும் ஒரு அளவுல வரும். கூலன்ட்ல எண்ணெய் எவ்வளவு பர்சென்ட் இருக்குன்னு ரிஃப்ராக்டோமீட்டர்ல பாக்கறது, திங்கக்கிழமை காலைல தொட்டி நாறுதான்னு பாக்கறது, டர்பனோட உப்புக் காத்துல கைரேகை பட்ட இடம் மறுநாளே துருவாகும்கறதால ஃபினிஷ் பண்ணின ஜாப்பை உடனே எண்ணெய் தடவி வைக்கறது, இப்படி நூறு சின்ன விஷயம். ஒவ்வொண்ணும் எழுதிப் படிச்சா அஞ்சு நிமிஷம், கைல வர வருஷம் ஆகும், பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லணும். இந்தத் தொழில் அன்னைக்கும் இன்னைக்கும் ஒருத்தர் கைல இருந்து இன்னொருத்தர் கைக்குத்தான் போகுது. இங்க அந்தச் சங்கிலியைச் சட்டம் போட்டே அறுத்தாங்க.

1860 நவம்பர் 16, ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து 342 பேரோட டர்பன் துறைமுகத்துக்கு வந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலி, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா கரும்புன்னா வயல் மட்டும் இல்ல, மில்லும் இருக்கு. மில்லுல கரும்பை நசுக்கற பெரிய ரோலர்கள், அதுங்களோட பல்லு ஒவ்வொரு சீசனும் தேயும். அரைப்பு ஏப்ரல் வாக்குல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் போகும், ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ஆஃப்-க்ராப், அப்பத்தான் ரோலரைக் கழட்டிக் கடைஞ்சு பல்லு வெட்டி, பேரிங் இடமெல்லாம் திரும்ப அளவுக்குக் கொண்டு வந்து மாட்டுவாங்க. பாய்லர், பம்பு, ரயில், அப்புறம் டர்பன் துறைமுகத்துல கப்பல் ரிப்பேர், எல்லாத்துக்கும் கடைசல் வேலை வேணும். மில்லுலயும் ரயில்வேலயும் முனிசிபாலிட்டிலயும் நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா இருந்திருக்காங்க, எண்ணெய் ஊத்தினாங்க, பாரம் தூக்கினாங்க, லேத்துப் பக்கத்துல நின்னு டூலை எடுத்துக் குடுத்தாங்க. லேத்துக்கு முன்னாடி நிக்கற ஆள் மட்டும் வெள்ளைக்காரன்.

1922ல அப்ரண்டிஸ்ஷிப் ஆக்ட் வந்துச்சு. படிச்சுப் பார்த்தா அதுல நிறத்தைப் பத்தி எங்கயும் இருக்காது, ஸ்டாண்டர்ட் 6 படிச்சிருக்கணும், டெக்னிக்கல் கிளாஸுக்குப் போகணும், இவ்வளவுதான். ஆனா இந்தியப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அந்த வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடமே பத்தாது, டெக்னிக்கல் கிளாஸ் இருக்கற இடத்துல சேர்க்க மாட்டாங்க, யாரை அப்ரண்டிஸா எடுக்கறதுன்னு முடிவு பண்ற கமிட்டிகள்ல வெள்ளைக்கார முதலாளியும் வெள்ளைக்கார யூனியனும்தான் உக்காந்திருக்கும். கதவுல பூட்டுன்னு எழுதல, ஆனா சாவி கிடைக்காது. 1956ல இன்டஸ்ட்ரியல் கன்சிலியேஷன் ஆக்ட்ல செக்‌ஷன் 77, எந்த வேலை எந்த இனத்துக்குன்னு வெளிப்படையாவே ஒதுக்கலாம்னு வந்துச்சு. ஆனா மெட்டல் தொழில்ல அதை விட அதிகமா வேலை செஞ்சது யூனியனோட குளோஸ்ட் ஷாப் ஒப்பந்தம்தான், யூனியன் மெம்பரா இருந்தாத்தான் ஆர்ட்டிசன் வேலை, யூனியன்ல நம்மளைச் சேக்க மாட்டாங்க.

கொல்லத்துல இருந்து ஒப்பந்தக் கூலியா வந்து, ரயில்வே ஸ்டேஷன்ல போர்ட்டரா இருந்து, அப்புறம் வாழை போட்டு முன்னுக்கு வந்தவர் எம்.எல்.சுல்தான், அவர் குடுத்த பணத்துல 1946ல எம்.எல்.சுல்தான் டெக்னிக்கல் காலேஜ் வந்துச்சு, இன்னைக்கு டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜிக்குள்ள 2002ல இணைஞ்சது அதுதான். நம்ம சமூகம் தானே பணம் போட்டு, தானே பள்ளிக்கூடம் கட்டிப் படிக்க வச்சது, இது சாதாரண விஷயம் இல்ல, ஒவ்வொரு தடவை நினைச்சாலும் மனசு நெகிழும். ஆனா கிளாஸ்ல உக்காந்து படிச்சா மட்டும் டர்னர் ஆக முடியாது, அப்ரண்டிஸா எடுத்து மெஷின்ல நிக்க வைக்க ஒரு கம்பெனி ஒத்துக்கணும், அங்கதான் தடுப்பு. அதனாலதான் டர்பன்ல அந்தத் தலைமுறை இந்தியர்கள் துணி மில்லுலயும் ஷூ ஃபேக்டரிலயும் அவ்வளவு பேர் போனாங்க.

1960கள்ல தொழில் வேகமா வளர்ந்துச்சு, வெள்ளைக்கார ஆர்ட்டிசன் பத்தல. அப்ப என்ன பண்ணினாங்கன்னா ஆர்ட்டிசனோட வேலையைத் துண்டு துண்டா வெட்டினாங்க. ஒருத்தன் ஃபேஸிங் மட்டும், ஒருத்தன் டிரில் மட்டும், இன்னொருத்தன் அதே போரை நாள் பூரா அடிக்கணும், செட்டிங் மட்டும் ஆர்ட்டிசன் வந்து பண்ணிட்டுப் போவான். இந்தத் துண்டு வேலைக்கு ஆப்பரேட்டிவ்னு பேரு வச்சு, சம்பளத்தைக் கீழ வச்சு, நம்ம ஆளுங்களையும் கறுப்பின ஆளுங்களையும் எடுத்தாங்க. இன்னைக்கும் மெட்டல் இன்டஸ்ட்ரி பார்கெயினிங் கவுன்சில் ஒப்பந்தத்துல ரேட் ஏ-ல இருந்து ரேட் எச் வரைக்கும் ஏணி இருக்கு, ஏ-ல ஆர்ட்டிசன், எச்-ல சாதா லேபர், நடுவுல உள்ள படிகள்ல இந்த மாதிரி ஆப்பரேட்டர் வேலைகள். வருஷக்கணக்கா பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்கு செட்டிங்கும் தெரிஞ்சு போச்சு, ஆர்ட்டிசன் லீவு போட்டா இவங்கதான் பண்ணுவாங்க, ஆனா பேப்பர் கிடையாது, சம்பளமும் ஏறாது. நான் மேல சொன்ன அண்ணன் அந்த வழியா வந்தவர்தான். அவரோட அப்பா இருந்தது மேகசின் பேரக்ஸ்ல, முனிசிபாலிட்டி தொழிலாளிங்க குடியிருப்பு, இனவாரியா ஊரைப் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல அங்க இருந்தவங்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்ப இவர் சின்னப் பையன்.

1977ல தொழிலாளர் சட்டங்களைப் பாக்க வீஹான் கமிஷன் போட்டாங்க, 1979ல ரிப்போர்ட், இனத்தைப் பார்த்து வேலையை ஒதுக்கறதை எடுத்தாங்க, 1981ல மேன்பவர் டிரெய்னிங் ஆக்ட் வந்து எல்லா இனத்துக்காரங்களும் அப்ரண்டிஸ் ஆகலாம்னு ஆச்சு. கேக்க சந்தோஷமா இருக்கு, ஆனா நேரத்தைப் பாருங்க. அதுக்கு முன்னாடி நாட்டோட அப்ரண்டிஸ்கள்ல பெரும் பங்கை வளர்த்து விட்டது ரயில்வே, எஸ்காம் (மின்சாரம்), இஸ்கோர் (இரும்பு) மாதிரி அரசாங்க நிறுவனங்க. அவங்க தங்களுக்கு வேணுங்கறதுக்கு மேலயே எடுத்துப் பயிற்சி குடுப்பாங்க, முடிச்சவங்க வெளிப் பட்டறைகளுக்கும் போவாங்க. 1980களோட நடுவுல இருந்து செலவைக் குறைக்கணும், தனியார் கம்பெனி மாதிரி நடத்தணும்னு அந்தப் பயிற்சியை எல்லாம் சுருக்கிட்டாங்க. நம்ம பிள்ளைகளுக்கு உள்ள வர அனுமதி கிடைச்ச அதே பத்து வருஷத்துல உள்ள இருந்த இடமே குறைஞ்சு போச்சு.

அதுக்குப் பிறகு வந்த ஏற்பாட்டுல நல்லதும் இருக்கு. 2000ல இருந்து ஸ்கில்ஸ் லெவின்னு பயிற்சிக்கான ஒரு வரி இருக்கு, இப்ப கம்பெனிங்க சம்பளச் செலவுல 1 பர்சென்ட் கட்டணும், வருஷத்துக்கு 5 லட்சம் ரேண்டுக்கு மேல சம்பளம் குடுக்கற எல்லாரும், அந்தப் பணம் மெர்சீட்டா (மெட்டல், இன்ஜினியரிங் தொழிலுக்கான பயிற்சி அமைப்பு) மாதிரி அமைப்பு வழியா பயிற்சிக்குத் திரும்பி வரும். அப்ரண்டிஸ் வச்சா வரிச் சலுகையும் உண்டு. ஆனா பத்துப் பதினஞ்சு பேர் வேலை பாக்கற பட்டறைக்கு அந்த ஃபார்ம் எல்லாம் நிரப்ப ஆள் இல்ல, லெவி கட்டறதோட விட்டுடறாங்க, பெரிய கம்பெனிகதான் திரும்ப வாங்குது. நுணுக்கமான வேலை கத்துக்க நல்ல இடம் எதுன்னு கேட்டா நான் அந்தச் சின்னப் பட்டறையைத்தான் சொல்லுவேன், இன்னைக்கு கப்பல் ஷாஃப்ட், நாளைக்கு மில் ரோலர், மறுநாள் மோல்ட், ஒரே ஜாப் ரெண்டு தடவை வராது.

காலேஜ் பக்கம் பார்த்தா, நாட்டுல 50 அரசு டிவெட் (தொழிற்கல்வி) காலேஜ் இருக்கு, டர்பன்ல கோஸ்டல், தேக்வினி எல்லாம் அதுல சேர்ந்ததுதான். என்-4ல இருந்து என்-6 வரைக்கும் பெரும்பாலும் தியரி, கணக்கு, டிராயிங், மெக்கானோடெக்னிக்ஸ். என்-6 முடிச்சாலும் இன்ஜினியரிங் டிப்ளமோ கைக்கு வரணும்னா 24 மாசம் வேலை அனுபவம் காட்டணும். அந்த 24 மாசத்தைக் குடுக்க பட்டறை கிடைக்காமத்தான் சாட்ஸ்வொர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் அத்தனை பசங்க பாதில நிக்கறாங்க. பாஸ் பண்ணின பையனைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது, அவன் லேத்தையே தொட்டிருக்க மாட்டான், தொட விடல.

பட்டறைக்காரங்க பக்கத்தையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல, கடந்த சில வருஷம் அவங்களுக்கு அடி மேல அடி. 2020 டிசம்பர்ல எஞ்சன் ரிஃபைனரில தீ, அதுக்குப் பிறகு அது எண்ணெய் சுத்திகரிக்கல. 2022 மார்ச் கடைசில சாப்ரெஃபும் நின்னுச்சு. மெரிபேங்க், ஜேக்கப்ஸ் பக்கத்துப் பட்டறைகளுக்கு அந்த ரெண்டு ரிஃபைனரியோட பம்பு, வால்வு, ஷாஃப்ட் வேலைதான் சோறு போட்டுது. அடுத்து ஏப்ரல்ல வெள்ளம், ப்ராஸ்பெக்டன்ல டொயோட்டா ஃபேக்டரி தண்ணிக்குள்ள, திரும்ப ஓட மாசக்கணக்கு ஆச்சு, அதை நம்பி இருந்த சப்ளையருங்க எல்லாம் சேர்ந்து நின்னாங்க. 2022, 2023ல லோட் ஷெடிங், மின்சாரம் பத்தாம முறை வச்சு கரண்ட்டை நிறுத்தறது. ஸ்டேஜ் 6 வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கரண்ட் போகும். வீட்ல கரண்ட் போறது வேற, வெட்டிக்கிட்டு இருக்கற மெஷின்ல போறது வேற. டூல் ஜாப்புக்குள்ள இருக்கறப்ப ஸ்பிண்டில் நின்னா இன்செர்ட் உடையும், ஜாப்புல கோடு விழும், நாள் பூரா உழைச்சது ஸ்கிராப். கரண்ட் திரும்பி வந்தா மெஷினை ரெஃபரன்ஸ் எடுத்து, மறுபடி சூடேத்தி, ஒரு நிலைக்குக் கொண்டு வரணும், அதுக்குள்ள அடுத்த கரண்ட் கட் நேரம் நெருங்கிடும். அப்ப முதலாளி என்ன பண்ணுவாரு, கிடைச்ச நாலு மணி நேரத்துக்கு வேகமான கையைத்தான் மெஷின்ல நிறுத்துவாரு, கத்துக்க வந்த பையன் கூட்டிப் பெருக்கிக்கிட்டு நிப்பான். கரண்ட் கணக்குல யாரும் சேர்க்காத நஷ்டம் இது, ரெண்டு வருஷம் கத்துக்க வேண்டிய பசங்க அந்த ரெண்டு வருஷத்தையும் இழந்தாங்க. 2024 மார்ச் கடைசில இருந்து நிலைமை ரொம்ப தேறிடுச்சு, மறுபடி பசங்களை எடுக்கலாம்னு நினைக்கற பட்டறைகள் இப்ப இருக்கு. கார் உதிரி பாகங்கள்ல உள்ளூர்ல செய்யற பங்கை 2035க்குள்ள 60 பர்சென்ட்டுக்குக் கொண்டு போகணும்னு ஆட்டோ மாஸ்டர்பிளான்ல இருக்கறதால வேலை வர வாய்ப்பும் இருக்கு.

ஆனா எடுத்தா யாரு கத்துக் குடுப்பா? இங்கதான் பழைய சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. அப்ரண்டிஸுக்கு லாக்புக் உண்டு, என்ன வேலை பண்ணினான், எந்த மெஷின், எந்த டாஸ்க், எல்லாம் எழுதி மென்டர் கையெழுத்துப் போடணும். அந்த மென்டர் குவாலிஃபைட் ஆர்ட்டிசனா இருக்கணும், டிரேட் டெஸ்ட் பாஸ் பண்ணின பேப்பர் இருக்கணும். விதி நல்ல விதிதான், கண்டவங்க கையெழுத்துப் போட்டா தரம் போயிடும். ஆனா டர்பன் பட்டறைகள்ல 50, 60 வயசுல இருக்கற, சூட்டைக் கைல தொட்டு 10 மைக்ரான் சொல்ற ஆளுங்க கணிசமா ஆப்பரேட்டரா உள்ள வந்தவங்க, அவங்க சின்ன வயசுல அப்ரண்டிஸ் ஆக விடல, அதனால பேப்பர் இல்ல, அதனால இன்னைக்கு ஒரு பையனுக்கு எல்லாத்தையும் கத்துக் குடுத்தாலும் இவங்க கையெழுத்து செல்லாது. பேப்பர் இருக்கற சில ஆர்ட்டிசன் ரிட்டையர் ஆயிட்டாங்க, சில பேர் ஆஸ்திரேலியா, துபாய்னு போயிட்டாங்க. கத்துக் குடுக்க ஆள் இருக்கு, கத்துக்க ஆள் இருக்கு, நடுவுல கையெழுத்து இல்ல. டர்னர் பஞ்சத்துக்கு நான் பாக்கற முக்கியமான காரணம் இதுதான்.

இதுக்கு வழியும் இருக்கு, ஏஆர்பிஎல்னு சொல்றாங்க, அப்ரண்டிஸா இல்லாம வேலை பார்த்தே கத்துக்கிட்டவங்களோட அனுபவத்தைக் கணக்குல எடுத்து, எங்க குறை இருக்கோ அதுக்கு மட்டும் பயிற்சி குடுத்து, டிரேட் டெஸ்ட்டுக்கு அனுப்பற திட்டம். டெஸ்ட் ஒலிஃபன்ட்ஸ்ஃபொன்டைன்ல இருக்கற இன்ட்லெலா சென்டர்லயும், அங்கீகாரம் வாங்கின மத்த சென்டர்கள்லயும் நடக்குது. பாஸ் பண்ணினா ரெட் சீல், அப்ரண்டிஸா வந்தவனுக்குக் குடுக்கற அதே பேப்பர், அதே மதிப்பு. பெரியவங்க நிறைய பேர் தயங்கறாங்க, இந்த வயசுல என்னத்துக்கு டெஸ்ட்டு, சின்னப் பசங்க முன்னாடி ஃபெயில் ஆனா அசிங்கம்னு. நான் பார்த்த வரைக்கும் அவங்களைப் பின்னுக்கு இழுக்கறது மெஷின் வேலை இல்ல, அதைத் தூக்கத்துல கூடப் பண்ணுவாங்க, எழுத்துக் கேள்விதான், ஃபிட் சிம்பல், சேஃப்டி, கட்டிங் ஸ்பீட் கணக்கு. 50 எம்எம் பார், நிமிஷத்துக்கு 150 மீட்டர் ஸ்பீட், எத்தனை ஆர்பிஎம்னு கேட்டா, கை தானாப் போய் 950 பக்கம் வைக்கும், பேப்பர்ல ஃபார்முலா எழுதச் சொன்னா நின்னுடுவாங்க. வீட்ல என்-4 முடிச்சு உக்காந்திருக்கற பையனுக்கு அந்த ஃபார்முலா தண்ணி பட்ட பாடு. சாட்ஸ்வொர்த்ல எத்தனையோ வீட்ல ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கு, மாமாகிட்ட கை இருக்கு, மருமகன்கிட்ட கணக்கு இருக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்.

பட்டறை நடத்தறவங்க கிட்ட நான் கேக்கறது, உங்க சீனியர் ஆப்பரேட்டர் ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி அவரை ஏஆர்பிஎல்லுக்கு அனுப்புங்க, ரெட் சீல் கைக்கு வந்த அன்னைல இருந்து சம்பளத்தையும் ரேட் ஏ-க்கு ஏத்துங்க, அவர் கையெழுத்துல அப்புறம் எத்தனையோ பசங்க வருவாங்க. போறவங்க எடுத்துட்டுப் போக வேண்டியது ஐடி, பழைய சம்பளச் சீட்டு, என்னென்ன மெஷின்ல எத்தனை வருஷம்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதின சர்வீஸ் லெட்டர், பழைய கம்பெனி மூடியிருந்தா அங்க கூட வேலை பார்த்தவங்க எழுதிக் குடுத்த அஃபிடவிட், செஞ்ச வேலையோட ஃபோட்டோ, டிராயிங் இருந்தா அதையும். மில் வேலை பாக்கற பட்டறைன்னா ஜனவரி, பிப்ரவரில கேக்காதீங்க, ஆஃப்-க்ராப்ல யாருக்கும் தலை தூக்க நேரம் இருக்காது. ஏப்ரல்ல மில் அரைக்க ஆரம்பிச்ச பிறகு கேளுங்க, அப்ப லெட்டரும் கிடைக்கும், லீவும் கிடைக்கும்.